டிஎச்ஐஎஸ்2 கேப்சர் செயலி: தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஒத்துவருமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தொற்றுக்காலச் சுகாதாரப் பதிவுக்கு ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, ராகலை, பசறைப் பக்கத்துத் தோட்ட டிஸ்பென்சரிகள் டிஎச்ஐஎஸ்2 கேப்சர் செயலியைத் தாராளமாக எடுக்கலாம். ஆனால் நகரத்தை மனதில் வைத்துத் தயாரித்த படிவத்தை அப்படியே இறக்கி வேலையைத் தொடங்கினால், முதல் தடுப்பூசி முகாமிலேயே ஆள் மாறிப் போகும். சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்வதில் செயலி கெட்டி. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கும் ஒருவரை இன்னார்தான் என்று சரியாகப் பிடிப்பதில்தான் அதற்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

டிஎச்ஐஎஸ்2 என்பது ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஹிஸ்ப் மையம் வளர்த்துவரும், சுகாதாரத் தகவலைப் பதிந்து தொகுக்கும் திறந்த மூல மென்பொருள். அனுமதிக் கட்டணம் எதுவும் கிடையாது. சேவையகத்துக்கும் அமைத்துக் கொடுப்பவருக்கும்தான் காசு. கொவிட் காலத்தில் இதைத் தொற்றுப் பதிவுக்கென்று திருப்பியதில் இலங்கை முன்னோடி. நாட்டின் முதல் நோயாளி 2020 ஜனவரி 27 அன்று உறுதியானார். அந்த நாட்களிலேயே சுகாதார அமைச்சும் ஹிஸ்ப் ஸ்ரீலங்காவும் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குவோரைத் தொடர்ந்து கவனிக்கும் படிவத்தை இதில் அமைத்தன. பிறகு நோர்வே உட்படப் பல நாடுகள் அந்த வழியில் தங்களுக்கேற்ற படிவங்களை அமைத்துக்கொண்டன. 2021 ஜனவரி 29 இல் தடுப்பூசி ஏற்றத் தொடங்கியபின் ஊசிப் பதிவும் இதற்குள் வந்தது. தடுப்பூசிச் சான்றிதழுக்கு இந்தியாவில் உருவான டிவோக் மென்பொருளை இதனோடு இணைத்தார்கள். ஆகவே இதைக் கையாளத் தெரிந்தவர்கள் நாட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஒரு படிவம் பிழைத்தால் திருத்துவதற்கு வெளிநாட்டுக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. இலவசம் என்பதைவிட இதுதான் பெரிய காரணம்.

டிஎச்ஐஎஸ்2இன் போன் செயலியான இந்தக் கேப்சர் ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான். ஐபோனில் வராது. பதிகிற உத்தியோகத்தருக்கானது இது. ஊசி போட்டுக்கொண்டவர் தன் பதிவைத் தானே திறந்து பார்க்க இதில் வழியில்லை. அதற்கு என்ன செய்யலாம் என்பதைக் கீழே அட்டை பற்றிய பகுதியில் சொல்கிறோம்.

சிக்னல் இல்லாத பிரிவில்

முதல் தடவை உள்நுழையும்போது மட்டும் நல்ல இணைப்பு வேண்டும். அப்போது படிவங்கள், சரிபார்ப்பு விதிகள், அந்த டிஸ்பென்சரிக்குரிய ஆட்களின் பதிவுகள் எல்லாம் போனுக்குள் இறங்கிவிடும். அதன்பின் மேற்பிரிவோ கீழ்ப்பிரிவோ, பிள்ளைக் காம்பராவோ (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) பெரட்டுக் களமோ (காலையில் ஆள் கூடும் இடம்), எங்கே உட்கார்ந்தும் பதியலாம். ஏற்கெனவே அந்தப் போனில் நுழைந்த ஒருவர் இணையம் இல்லாமலே மறுபடி நுழையலாம். ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் அது சேவையகத்துக்குப் போய்விட்டதா, இன்னும் போனிலேயே நிற்கிறதா என்று ஒரு குறி காட்டும்; பிழைபட்டதென்றால் சிவப்பு. இந்தக் குறி சின்னதுதான், ஆனால் பாவிப்பவருக்கு அதைவிட நம்பிக்கை தருவது வேறில்லை. "நான் போட்டது போனதா?" என்ற சந்தேகம் இருக்கும்வரை மிட்வைஃப் மிஸ் பக்கத்தில் ஒரு கொப்பியும் வைத்துக்கொண்டு இரண்டு தரம் எழுதுவார்.

முகாமுக்கு முந்திய நாளே செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. செயலி முதல் அமைப்பில் 500 ஆட்களின் பதிவுகளை மட்டும்தான் போனில் இறக்கும். சாதாரண கிளினிக்குக்கு அது போதும். மூன்று நான்கு பிரிவுகளுள்ள தோட்டத்துக்குப் போதாது. அந்த வரம்புக்கு வெளியே நிற்பவரைத் தேடினால் "இல்லை" என்றுதான் வரும். உடனே புதிதாகப் பதிந்துவிடுவார்கள். ஒருவருக்கு இரண்டு பதிவாகிவிடும். இரட்டைப் பதிவுகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன, கவனக்குறைவால் அல்ல. டிஎச்ஐஎஸ்2இன் ஆண்ட்ராய்ட் அமைப்புப் பகுதியில் இந்த எண்ணிக்கையைத் தோட்டத்து ஆள்தொகைக்கு மேலே ஒரு பங்கு கூட்டி வைத்து, இணைப்புள்ள இடத்தில் முழுவதையும் இறக்கிவிட்டுத்தான் மலை ஏற வேண்டும்.

அடுத்தது பதிவு எண். தானாக எண் கொடுக்கும்படி அமைத்தால், செயலி சேவையகத்திடமிருந்து ஒரு கட்டு எண்களை முன்கூட்டியே வாங்கிப் போனில் வைத்துக்கொள்ளும். அந்தக் கட்டு தீர்ந்துபோனால், இணைப்பு வரும்வரை புதிய ஆளைப் பதிய விடாது. 300 பேர் எதிர்பார்க்கும் முகாமுக்கு இரண்டு போன் போகிறதென்றால் ஒவ்வொரு போனுக்கும் 300 எண் ஒதுக்குங்கள். வரிசை எந்தப் பக்கம் நீளும் என்று யாருக்குத் தெரியும்? ஒதுக்கிய எண்களுக்குக் காலாவதியும் உண்டு, அதனால் போன மாதம் ஒதுக்கியதை நம்பி இருக்க வேண்டாம்.

படிவத்தில் மாற்றம் செய்பவர் அதை முகாம் நாள் காலையில் வெளியிடக் கூடாது. டவுன் வழியாக வந்த போனில் புதுப் படிவம் இறங்கியிருக்கும். தோட்டத்திலேயே இருந்த போனில் பழையது நிற்கும். ஒரே மேசையில் இரண்டு போன் இரண்டு விதமாகக் கேள்வி கேட்கும்.

அமைப்புப் பக்கத்தில் போனிலுள்ள தரவை அழிக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. போன் மெதுவாகிவிட்டால் அதை அமுக்கிப் பார்க்கும் பழக்கம் எங்கும் உண்டு. இன்னும் அனுப்பாத பதிவுகளும் அதோடு போய்விடும். செயலியை நீக்கி மறுபடி போட்டாலும் அதே கதிதான். எந்தப் போனையும் திருத்தக் கொடுக்குமுன் குறிகள் எல்லாம் தெளிந்திருக்கின்றனவா என்று பார்த்தே கொடுங்கள். இணையம் அறவே இல்லாமல் சாதாரண சிக்னல் மட்டும் எட்டும் இடங்களுக்கு, ஒரு பதிவை எஸ்எம்எஸ் வழியாக அனுப்பும் வசதியும் உண்டு. சேவையகப் பக்கத்தில் அதை ஏற்கும் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். முகாம் முழுவதையும் அப்படி அனுப்ப முடியாது, ஆனால் தொற்று உறுதியான ஒருவரின் தகவலை அன்றைக்கே எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்குச் சேர்க்க அது போதும்.

ஆளை அடையாளம் காணும் திரை

நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுதான். வழக்கமான படிவம் நான்கு கேள்வி கேட்கும்: பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை எண், முகவரி. தோட்டத்தில் நான்குமே சறுக்கும்.

எழுபது தாண்டிய ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். அடையாள அட்டையில் லெட்சுமி. செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பெயர்ப் பட்டியலில்) லெச்சுமி. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் லட்சுமி. சிங்களத்தில் எழுதியவர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், ஆங்கிலத்தில் இன்னொரு விதம். லயத்தில் எல்லோரும் கூப்பிடுவது வேறொரு பெயர். இவர் இரண்டாவது ஊசிக்கு வரும்போது மேசையில் இருப்பவர் எந்தப் பெயரைத் தட்டித் தேடுவார்? பெயரை மட்டும் நம்பிய தேடல் இங்கே பாதி ஆட்களைத் தவறவிடும். ஆகவே பெயருக்கு மூன்று கட்டம் வையுங்கள்: அடையாள அட்டையில் உள்ளபடி ஆங்கிலத்தில், தமிழில், அழைக்கும் பெயர். தகப்பன் அல்லது கணவன் பெயர் தனிக் கட்டம். தேடலுக்கு அழைக்கும் பெயரையும் பிரிவையும் லயத்தையும் சேர்த்து விடுங்கள். எந்தெந்தக் கட்டத்தைக் கொண்டு தேடலாம் என்று முடிவுசெய்வது அமைப்பவர்தான். அதை அவர் திறந்துவிடாவிட்டால் செயலியில் தேட முடியாது.

தடுப்பூசிச் சான்றிதழில் ஏறுவது ஆங்கிலப் பெயர். கொவிட் காலத்தில் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவரின் கடவுச்சீட்டோடு ஓர் எழுத்து முட்டினாலும் விமான நிலையத்தில் அலைச்சல்தான். அதனால் அந்தக் கட்டத்தை மட்டும் காதால் கேட்டு எழுதாமல், அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்து எழுத வேண்டும்.

அடையாள அட்டை எண்ணுக்கு வருவோம். பழையது 9 இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் வருவது 12 இலக்கம். கடைசி எழுத்து வி என்று மட்டும் எதிர்பார்க்கும்படி விதி எழுதுகிறார்கள். எக்ஸ் என்று முடியும் பழைய அட்டைகளும் உண்டு. அது வாக்குரிமை இல்லாதவர் என்பதன் அடையாளம். நாடற்றவர் என்ற பெயரோடு வாழ்ந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் இருக்கும் மண்ணில், ஒரு கட்டம் அந்த எழுத்தை "பிழை" என்று சிவப்பில் காட்டுவது தொழில்நுட்பக் கோளாறு மட்டுமல்ல. இரண்டு எழுத்தையும் ஏற்க ஒரு நிமிடத் திருத்தம் போதும்.

பழைய எண்ணைப் புதியதாக மாற்ற: முன்னால் 19, அடுத்து வருடத்தின் இரண்டு இலக்கம், நாளைக் குறிக்கும் மூன்று இலக்கம், பிறகு ஒரு 0, பிறகு மீதி நான்கு. ஒருவர் முதல் ஊசிக்குப் பழைய அட்டையும் இரண்டாவதுக்குப் புதிய அட்டையும் கொண்டுவந்தால் இந்த மாற்றம் இல்லாமல் இரண்டு ஆளாகிவிடுவார். எண்ணிலிருந்து பிறந்த திகதியைக் கணக்கிடும் வசதியை வைத்தால் பதிவு வேகமாகும், ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. பெண்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டியிருக்கும் என்பது பலருக்கும் தெரியும். பெப்ரவரிக்கு எல்லா வருடமும் 29 நாள் என்று வைத்தே அந்த எண் கணக்கிடப்படுகிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. வருடம் 1953, நாள் எண் 563 என்றால் 63ஆம் நாள். அட்டைக் கணக்கில் அது மார்ச் 3. 1953 லீப் வருடம் இல்லையென்று சாதாரணமாக எண்ணும் நிரல் மார்ச் 4 என்று காட்டும். மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்த எல்லோருக்கும், நான்கில் மூன்று வருடங்களுக்கு, ஒரு நாள் பிழைக்கும். பிறகு பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிடும்போது எதுவும் பொருந்தாது.

அட்டையே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், பிறப்பு பதியப்படாத முதியவர்கள். எண் கட்டத்தைக் கட்டாயமாக்கினால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததே: வரிசை நீளும், மேசையில் இருப்பவர் ஒன்பது பூச்சியம் போட்டு அனுப்பிவிடுவார். கட்டாயமாக்காதீர்கள், "அட்டை இல்லை" என்று ஒரு தெரிவு வையுங்கள், அதைத் தட்டினால் கட்டம் மறையட்டும். இதற்கான விதியைச் செயலி நன்றாகவே கையாள்கிறது.

வயதுக் கட்டத்திலும் ஒரு பொறி. செயலியில் வயது என்ற வகையைத் தெரிந்தால், பிறந்த திகதியையும் போடலாம், வெறும் வயதையும் போடலாம். "72" என்று போட்டால் அது இன்றைய திகதியிலிருந்து 72 வருடம் பின்னால் போய் ஒரு பிறந்த திகதியைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும். பார்ப்பவருக்கு அது உண்மையான திகதி போலவே தெரியும். பக்கத்தில் "திகதி உறுதி / வயது மதிப்பீடு" என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். இரட்டைப் பதிவுகளை ஒப்பிடுபவருக்கு எந்தத் திகதியை நம்புவது என்று தெரிய வேறு வழியில்லை.

முகவரி. லயத்துக்குத் தெருப்பெயர் கிடையாது. தபால் தோட்டத்து ஒபிசுக்கு வரும். கிராம சேவகர் பிரிவின் எல்லையும் தோட்டத்தின் எல்லையும் ஒன்றல்ல. எழுதும் கட்டமாக விட்டால் ஒரே லயம் பத்து விதமாகப் பதிவாகும். தோட்டம், பிரிவு, லயம், காம்பரா (லயத்து அறை) என்று நான்கு படியில் தெரிவுப் பட்டியல் வையுங்கள். தோட்டத்தைத் தெரிந்ததும் அதன் பிரிவுகள் மட்டும் வரும்படி விதி எழுதலாம். சிலர் ஒவ்வொரு லயத்தையும் நிறுவன அலகாகவே (பதிவுகளையும் அனுமதிகளையும் பிரித்து வைக்கும் இடப் பிரிவாகவே) சேர்க்கப் பார்ப்பார்கள். வேண்டாம். டிஸ்பென்சரி வரைக்கும்தான் அலகு. அதற்குக் கீழே போனால் யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதிகளைக் கட்டி மேய்க்க முடியாது, ஒரு குடும்பம் காம்பரா மாறினாலும் பதிவை இடம் மாற்ற வேண்டி வரும். ஆட்கள் உள்ளூரில் எந்தப் பெயரால் பிரிவைச் சொல்கிறார்களோ அந்தப் பெயரையே பட்டியலில் போடுங்கள். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் தமிழ்ப் பெயர் ஒன்றும் இருப்பது மலையகத்தில் புதிதல்ல; பாட்டிக்குத் தெரிந்தது தமிழ்ப் பெயர்தான்.

கைரேகை வைத்து ஆளைப் பிடிக்கலாமே என்ற யோசனை கூட்டங்களில் அடிக்கடி எழும். வருடக்கணக்காகக் கொழுந்து பறித்து, கவ்வாத்து வெட்டிய விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். மலிவான கருவிகள் தடுமாறும். மழை நாளில் சொல்லவே வேண்டாம். எண் அச்சிட்ட அட்டைதான் நம்பகம்.

தமிழ் எழுத்து

செயலியின் பொத்தான்களின் மொழி வேறு, படிவத்திலுள்ள கேள்விகளின் மொழி வேறு. இரண்டாவதை அமைப்பவர்தான் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்து ஏற்ற வேண்டும். விட்டால் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக நிற்கும். தமிழ்க் கேள்விகள் நீளமானவை. சின்னப் போனில் வால் அறுந்து தெரியும். ஒவ்வொரு கேள்வியையும் மூன்று சொல்லுக்குள் அடக்கி, 5 அங்குலத் திரையில் பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.

பழைய பட்டியல்களை ஏற்றும்போதுதான் பெரிய சேதம். அலுவலகங்களில் பாமினி எழுத்துருவில் தட்டிய பெயர்ப் பட்டியல்கள் இன்னும் ஏராளம். கணினித் திரையில் அவை தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். அப்படியே ஏற்றினால் போனில் குப்பையாக வரும். யுனிகோடுக்கு மாற்றிய பிறகும் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும் "கொ"வும், ஒன்றாகச் சேர்ந்த "கொ"வும் கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு இரண்டு. "ஸ்ரீ"யை எழுதவும் இரண்டு வழி உண்டு. ஏற்றுமுன் முழுப் பட்டியலையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் நிரலை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் ஸ்ரீதேவி இருந்தும் இல்லாதவராவார்.

நோய் விவரமும் ஊசி விவரமும்

இந்தப் பகுதியில் செயலி சொன்னபடி கேட்கும். ஒட்சிசன் அளவுக் கட்டத்துக்கு 50 முதல் 100 வரை மட்டும் ஏற்க விட்டு, 94க்குக் கீழே வந்தால் எச்சரிக்கையும் 1990 அம்புலன்ஸ் எண்ணும் திரையில் வரும்படி வையுங்கள். காய்ச்சலை ஒருவர் பரனைட்டில் சொல்வார், ஒருவர் செல்சியசில் போடுவார். 35 முதல் 42 வரை செல்சியஸ், 95 முதல் 108 வரை பரனைட் என்று எண்ணைப் பார்த்தே பிரிக்கலாம்; இடையில் வரும் எதையும் ஏற்க வேண்டாம்.

ஊசிக்கு வேண்டியவை ஐந்துதான்: ஊசியின் பெயர், எத்தனையாவது, தொகுதி எண், திகதி, இடம். தொகுதி எண்ணைக் கையால் தட்டச் சொல்லாதீர்கள். காலையில் குளிர்பெட்டி திறக்கும்போது அன்றைய எண்களைத் தெரிவுப் பட்டியலில் வைத்திருந்தால், பூச்சியமும் ஓ எழுத்தும் மாறும் வியாதி நின்றுவிடும். அடுத்த திகதியை ஊசிக்கு ஊசி தனியாகக் கணக்கிட வேண்டும். கொவிட் காலத்தில் உலக சுகாதார நிறுவனம் சினோபார்முக்கு 3 முதல் 4 வாரமும் அஸ்ட்ராசெனெகாவுக்கு 8 முதல் 12 வாரமும் பரிந்துரைத்தது. எல்லாவற்றுக்கும் 28 நாள் என்று ஒரே விதி போட்டால் ஆட்கள் காரணமில்லாமல் மலை இறங்கி வந்து திரும்புவார்கள், அன்று வேலைக்கு வந்ததாகப் போடும் பேரும் போய்விடும். நாள் கூலிக்காரருக்கு அது ஒருநாள் சம்பளம்.

இன்னொரு விஷயம். தொற்றுநோயை அறிவிக்கும் எச் 544 படிவம் எப்படியும் எழுதப்படும். செயலியில் அதே விவரங்களை அதே வரிசையில் கேளுங்கள், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஒன்றைப் பார்த்து மற்றதை நிரப்பிவிடலாம். வரிசை மாறினால் அவர் செயலியைத்தான் கைவிடுவார், படிவத்தை அல்ல.

ஆளின் கையில் என்ன இருக்கும்

சான்றிதழில் உள்ள க்யூஆர் சதுரத்துக்குள் பெயர், ஊசி விவரம், எண்முறைக் கையொப்பம் எல்லாம் அடைபட்டிருக்கும். அதனால் புள்ளிகள் நெருக்கம். மலிவுப் போனின் கமெரா அதைப் படிக்கத் திணறும், போட்டோக் கொப்பி எடுத்தால் இன்னும் மோசம். டிஸ்பென்சரி அட்டைக்கு அது தேவையில்லை. பதிவு எண்ணை மட்டும் இலக்கமாக வையுங்கள். 12 இலக்க எண், ஆகக் கூடிய பிழைதிருத்த நிலையிலும், ஆகச் சிறிய 21க்கு 21 சதுரத்துக்குள் அடங்கிவிடும். அந்த நிலையில் சதுரத்தின் ஏறக்குறைய 30 சதவீதம் கெட்டாலும் படிக்கும். மடித்து இடுப்பில் செருகி, மழையில் நனைந்து வரும் அட்டைக்கு இது அவசியம். 2 சென்றிமீற்றர் அகலத்தில் அச்சிட்டு, கீழே எண்ணைப் பெரிய இலக்கத்தில் போட்டு, லெமினேட் பண்ணிக் கொடுங்கள். பளபளப்பான லெமினேட் டோர்ச் வெளிச்சத்தில் கண்ணைக் கூசும்; மங்கலானதை எடுங்கள். செயலியில் அந்தக் கட்டத்தை க்யூஆர் வகை என்று அமைத்தால் கமெரா அங்கேயே திறக்கும். தேட வேண்டிய வேலையே இல்லை. அட்டை கொண்டுவராதவருக்கு மட்டும் பெயர்த் தேடல்.

நினைவூட்டல் எஸ்எம்எஸ் தமிழில் போக வேண்டும், ஆனால் செலவு தெரிந்து அனுப்புங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70. "தடுப்பூசி" என்பது நமக்கு ஐந்து எழுத்து, செய்திக் கணக்கில் ஒன்பது இடம், ஏனென்றால் புள்ளியும் கொக்கியும் தனித்தனி. 70 தாண்டினால் துண்டுக்கு 67 ஆகக் குறைந்து இரண்டு செய்திக் காசு போகும். "2ம் ஊசி 14/6 காலை 9 டிஸ்பென்சரி" என்றால் ஒரே செய்தியில் முடிந்துவிடும். நோயின் பெயரை மட்டும் ஒருபோதும் எழுதாதீர்கள். ஒரு போன் முழுக் குடும்பத்துக்கும், சில வேளை பக்கத்துக் காம்பராவுக்கும் சேர்த்துத்தான். பொத்தான் போன்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வரலாம். திகதியும் நேரமும் இலக்கத்தில் இருந்தால் அதையாவது படிக்கலாம்.

யார் பார்க்கலாம்

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. டிஸ்பென்சரியில் இருப்பவர் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் ஊழியர். நோய்ப் பதிவு வேலை கொடுப்பவரின் கைக்குப் போகக்கூடிய தூரத்திலேயே இருக்கிறது. தொற்று வந்தவர் யார், எந்தக் காம்பரா என்ற பட்டியல் ஒருமுறை வட்ஸ்அப்பில் போய்விட்டால், அந்தக் குடும்பத்துப் பிள்ளையோடு மற்றப் பிள்ளைகள் பேசமாட்டார்கள், கடையில் சாமான் தரமாட்டார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைத் தனிக் கவனத்துக்குரிய வகையில் வைத்திருக்கிறது. அது காகிதத்தில் இருந்தால் போதாது, அமைப்பில் தெரிய வேண்டும்.

செயலி இதற்கு வழி வைத்திருக்கிறது. திட்டத்தைப் பாதுகாக்கப்பட்ட நிலையில் அமைத்தால், தன் டிஸ்பென்சரிக்கு வெளியே உள்ளவரின் பதிவைத் திறப்பவர் காரணம் எழுதித்தான் திறக்க வேண்டும்; யார் எப்போது திறந்தார் என்பதும் பதிவாகும். பரிசோதனை முடிவையும் ஊசியையும் படிவத்தில் தனித்தனிப் பகுதியாகப் பிரித்து, ஊசி மேசையில் இருப்பவருக்கு முடிவுகள் தெரியாதபடி அனுமதி கொடுங்கள். ஒரே கணக்கை நாலு பேர் பாவிக்க விடாதீர்கள். விட்டால் திறந்தவர் பட்டியலுக்கு அர்த்தமே இல்லை. போனிலுள்ள தரவைக் குறியாக்கம் செய்யும் அமைப்பைத் திறந்து வையுங்கள், செயலிக்கு நான்கு இலக்கப் பூட்டும் போடுங்கள். தோட்ட ஒபிசுக்கு வேலைக்கு ஆள் கணக்கு வேண்டுமென்றால் பிரிவுவாரியாக எண்ணிக்கை மட்டும் போதும். பெயர் போக வேண்டியதில்லை.

திரையைப் படம் பிடிக்கச் செயலி விடாது. எரிச்சலாகத் தோன்றும், ஆனால் மேலே சொன்ன காரணத்துக்காக அது நல்லதே. படம் பிடித்துக் கையேடு தயாரிக்க வேண்டியவர்களுக்குப் பயிற்சிப் பதிப்பு தனியாக இருக்கிறது.

எந்தப் போன், என்ன பயிற்சி

3 ஜிபி ரேமுக்குக் குறைந்ததை எடுக்காதீர்கள். ஆயிரம் பதிவு இறங்கியதும் தேடல் தத்தளிக்கும். டெப் (டேப்லெட்) பெரிதாகத் தெரியும், ஆனால் ஒரு கையில் குடையும் மறுகையில் டெப்பும் பிடித்து லயத்துப் படி ஏற முடியாது. மேசைக்கு டெப், வீட்டுக்கு வீடு போகிறவருக்குப் போன். மழைக்காலத்தில் ஈர விரலுக்குத் திரை தப்பும் தவறுமாகப் பதில் சொல்லும். ஆம், இல்லை என்ற தெரிவுகளைப் பெரிய பொத்தானாக, நிறமும் படமும் வைத்து அமைக்கச் செயலியில் இடமுண்டு, அதைப் பாவியுங்கள். மின்சாரம் நிற்கும் நாளுக்கு போனுக்கு ஒன்றாகப் பவர் பேங்க்.

பயிற்சிக்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டாம். இரண்டு மணித்தியாலம் போதும், அதில் பாதி நேரம் தேடுவதற்கே போகட்டும்: பெயர் மாறியவர், அட்டை மாறியவர், அட்டை இல்லாதவர், இரட்டைப் பிள்ளைகள் என்று நால்வரைக் கற்பனையாக வைத்து, விமானப் பயண நிலையில் போனைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். புதிதாகப் பதிவது யாருக்கும் கடினமில்லை. ஏற்கெனவே இருப்பவரைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. மிஞ்சும் இரட்டைப் பதிவுகளைக் கிழமைக்கு ஒருமுறை பார்த்து ஒன்றாக்கும் பொறுப்பை எம்.ஓ.எச். அலுவலகத்தில் பெயர் சொல்லி ஒருவரிடம் கொடுங்கள். பயிற்சிக்கென்று வேறு சேவையக முகவரி கேட்டு வாங்குங்கள். பயிற்சியில் போட்ட கற்பனைப் பெயர்கள் உண்மைச் சேவையகத்தில் ஏறினால், அந்த ஆட்களைத் தேடி மிட்வைஃப் மிஸ் லயம் லயமாக நடக்க வேண்டி வரும்.